முகத்தின் மேல் எத்தனை புள்ளி?

பள்ளிக்கூடக் குழுப்படம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு வரிசையில் அறுபது பிள்ளைகள், முன்னால் நாற்காலிகளில் ஆசிரியர்கள். எடுத்தது 12 மெகாபிக்சல் கேமரா. படத்தின் அகலத்தில் 4,000 புள்ளி, உயரத்தில் 3,000 புள்ளி. அதில் ஒரு பிள்ளையின் முகம் உயரத்தில் இருபதில் ஒரு பங்கு வந்தால் அதிகம். ஆக, முகத்துக்குக் கிடைப்பது 150 புள்ளி உயரம்.

அதே பிள்ளையை இருபது ஆண்டுக்கு முந்தைய ‘விஜிஏ கேமரா’ போனில், கிட்டே நின்று, முகம் சட்டத்தின் பாதி உயரத்துக்கு வரும்படி எடுத்துப் பாருங்கள். விஜிஏ என்றால் 640-க்கு 480. பாதி உயரம் 240 புள்ளி. மொத்தப் புள்ளிக் கணக்கில் இந்தப் போன் அந்தக் கேமராவில் நாற்பதில் ஒரு பங்கு. ஆனால் அந்த ஒரு முகத்தைப் பொறுத்தவரை இதுதான் கூடுதலாகச் சொல்கிறது.

கேமரா விளம்பரங்கள் சட்டத்துக்குள் மொத்தம் எத்தனை புள்ளி என்று எண்ணுகின்றன. படம் பார்ப்பவருக்கு வேண்டியதோ, தான் பார்க்க விரும்பும் பொருளின் மேல் எத்தனை புள்ளி விழுந்திருக்கிறது என்பது. இந்த இரண்டு கணக்குக்கும் இடையிலுள்ள தூரத்தைப் புரிந்துகொண்டால், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய கேமராவும் குழந்தைகளுக்கு வாங்கித் தரும் விளையாட்டுக் கேமராவும் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பது விளங்கிவிடும்.

எத்தனை போதும்?

இந்தக் கேள்வியை முதலில் கறாராகக் கேட்டவர்கள் ராணுவத்தினர். இருட்டில் பார்க்க உதவும் கருவி வழியாக ஒரு சிப்பாய் தொலைவில் எதையோ பார்க்கிறார். அது வண்டியா, மனிதனா, எந்த வகை வண்டி என்று சொல்ல, படம் எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும்? அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஜான் ஜான்சன் 1958-இல் இதற்கு எண்களில் விடை சொன்னார். பொருளின் குறுகிய பக்கத்தின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமான எத்தனை கோட்டு இணைகளைப் பிரித்துக் காட்ட முடிகிறது என்பதுதான் அவருடைய அளவுகோல். ‘அங்கே ஏதோ இருக்கிறது’ என்று சொல்ல ஓர் இணை போதும். ‘இன்ன வகைப் பொருள்’ என்று சொல்ல நான்கு இணை. ‘இதுதான் அது’ என்று அடித்துச் சொல்ல ஆறரைக்குச் சற்றுக் குறைவு. பார்ப்பவர்களில் பாதிப்பேராவது சரியாகச் சொல்லும் வரம்பு இது. ஓர் இணைக்குக் குறைந்தது இரண்டு புள்ளி வேண்டும் என்பதால், டிஜிட்டல் கணக்கில் இவை ஏறத்தாழ 2, 8, 13 புள்ளிகள்.

பதின்மூன்று புள்ளி என்பது நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஆனால் முகங்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இன்னும் கீழே போகின்றன. எம்.ஐ.டி.யில் பவன் சின்ஹாவின் குழுவினர், பிரபலமானவர்களின் முகங்களை 7-க்கு 10 புள்ளி அளவுக்கு மங்கலாக்கிக் காட்டினார்கள். யார் யார் வருவார்கள் என்று முன்கூட்டிச் சொல்லாத நிலையிலும் பார்த்தவர்கள் பாதிக்கு மேற்பட்ட முகங்களைச் சரியாகச் சொன்னார்கள். காட்சிகளுக்கும் இப்படியே. கடற்கரையா, தெருவா, சமையலறையா என்று சொல்ல 32-க்கு 32 அளவுள்ள வண்ணப் படமே பெரும்பாலும் போதும் என்று 2009-இல் அந்தோனியோ தொரால்பா காட்டினார்.

இதற்கு முன்னோடியான ஒரு படம் புகழ்பெற்றது. பெல் ஆய்வுக்கூடத்தின் லியோன் ஹார்மன் 1973-இல், ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் கட்டங்களாக மாற்றி வெளியிட்டார். கிட்டே பார்த்தால் வெறும் கட்டங்கள். கண்ணை இடுக்கிக்கொண்டோ பத்தடி தள்ளி நின்றோ பார்த்தால் லிங்கன் தெரிவார். பார்வையை மங்கலாக்கிக்கொண்டால் படம் தெளிவாவது விந்தைதான். அதற்குக் காரணம் உண்டு. கட்டங்களின் கூரிய ஓரங்கள் லிங்கனின் முகத்தில் இல்லாதவை. படத்தைப் பிரித்தபோது புதிதாக வந்து சேர்ந்தவை. அவை கண்ணைத் தம் பக்கம் இழுத்து, அடியிலுள்ள முகத்தை மறைக்கின்றன. கண்ணை இடுக்கும்போது அந்தப் பொய் ஓரங்கள் கரைந்துவிடுகின்றன. குறைந்த புள்ளிப் படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ‘மட்டம்’ என்று சொல்வதில் பாதிப் பழி பெரிதாக்கியவருடையது.

தெரிந்தவர், தெரியாதவர்

இங்கே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. 1999-இல் ஸ்காட்லாந்தில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். பல்கலைக்கழகக் கட்டடத்தின் காவல் கேமராவில் பதிவான மங்கலான காட்சிகளைச் சிலரிடம் காட்டினார்கள். காட்சியில் நடந்து போனவர்கள் விரிவுரையாளர்கள். அவர்களிடம் படித்த மாணவர்கள் ஏறத்தாழத் தவறே இல்லாமல் அடையாளம் சொன்னார்கள். அவர்களை அறியாத மற்றவர்கள் திணறினார்கள். அப்படித் திணறியவர்களில் ஆளை அடையாளம் காண்பதையே தொழிலாகக் கொண்ட காவல்துறையினரும் இருந்தார்கள். காட்சி ஒன்றுதான், புள்ளிகளும் மாறவில்லை. மாறியது பார்ப்பவரின் தலைக்குள் ஏற்கெனவே இருந்த முகம்.

இதன் எல்லையைக் காட்டும் படம் 1990 பிப்ரவரி 14 அன்று எடுக்கப்பட்டது. வாயேஜர்-1 விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து திரும்பிப் பார்த்துப் பூமியைப் படம் எடுத்தது. அந்தக் கேமராவின் படம் 800-க்கு 800. முக்கால் மெகாபிக்சல்கூட இல்லை. அதில் பூமிக்குக் கிடைத்தது 0.12 புள்ளி. ஜான்சனின் முதல் படிக்கே எட்டாத அளவு. இருந்தும் அது நம் பூமி என்று உலகமே கொண்டாடியது. எங்கே பார்க்க வேண்டும் என்பது முன்பே தெரிந்திருந்தது.

அன்றாடப் படங்கள் சாதாரண கேமராவிலேயே தேறிவிடுவதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டு ஆல்பத்தைப் புரட்டுபவர் அத்தையை ஏற்கெனவே அறிவார், திண்ணையை அறிவார், அந்தச் சைக்கிளை அறிவார். படம் தொடங்கி வைத்தால் போதும், மிச்சத்தை நினைவு முடித்துக்கொள்ளும். அந்நியர் பார்க்க வேண்டிய படத்துக்குத்தான் புள்ளிகள் அதிகம் தேவை.

இரண்டு கைக்குழந்தைகள்

டிஜிட்டல் படத்தின் வரலாறும் இதையே சொல்கிறது. 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிலையத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்பவர் ஒரு புகைப்படத்தை முதன்முதலாகக் கணினிக்குள் ஏற்றினார். அது அவருடைய மூன்று மாதக் குழந்தையின் படம். 176-க்கு 176, மொத்தம் 30,976 புள்ளி. இன்றைய கணக்கில் 0.03 மெகாபிக்சல். முகமே சட்டத்தை நிறைத்துக்கொண்டதால் அவ்வளவே போதுமானதாக இருந்தது.

நாற்பது ஆண்டு கழித்து, 1997 ஜூன் 11 அன்று, கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் நகர மருத்துவமனையில் பிலிப் கான் தன் குழந்தை பிறப்பதற்காகக் காத்திருந்தார். கையிலிருந்த காசியோ கேமராவையும் மோட்டரோலா செல்பேசியையும் மடிக்கணினி வழியாக இணைத்து, பிறந்த குழந்தையின் படத்தை இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பினார். செல்பேசி வழியாகப் படம் பகிர்வது அங்கே தொடங்கியது. காசியோ கியூவி-10 சேமித்த படத்தின் அளவு 320-க்கு 240.

இவ்விரண்டுக்கும் நடுவே, 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் ஒளியை மின்னூட்டமாக மாற்றிச் சேர்த்து வைக்கும் சிசிடி சில்லை வடிவமைத்தார்கள். 2009-இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அப்படிப்பட்ட சில்லு ஒன்றை வைத்துக் கையில் தூக்கக்கூடிய கேமராவைக் கட்டினார். எடை மூன்றரை கிலோவுக்கு மேல். படம் 100-க்கு 100. பதிவானது பாட்டு கேட்கும் கேசட்டில். ஒரு படம் பதிவாக 23 வினாடி.

அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர் அதே காலத்தில் வண்ணத்துக்கு வழி சொன்னார். சில்லுக்கு நிறம் தெரியாது. வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். எனவே ஒவ்வொரு புள்ளியின் மேலும் ஒரு நிற வடிகட்டியைப் பதித்தார். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்பங்குக்குச் சிவப்பு, கால்பங்குக்கு நீலம். பச்சைக்கு இரட்டைப் பங்கு கொடுத்ததற்குக் காரணம், நம் கண் கூர்மையை உணர்வது பெரும்பாலும் அந்த ஒளியிலிருந்துதான். ஆக, விஜிஏ கேமராவின் 3,07,200 புள்ளிகளில் சிவப்பை நேரடியாக அளந்தவை 76,800 மட்டுமே. படத்தில் நாம் காணும் நிறங்களில் மூன்றில் இரண்டு பங்கு, பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமரா போட்ட ஊகம். புள்ளி குறைவான கேமராவில் மெல்லிய கோலக் கோடுகளின் ஓரத்தில் இல்லாத நிறம் எட்டிப் பார்ப்பது இதனால்.

பெரிய புள்ளியின் பலம்

சிறிய எண்ணிக்கைக்கு ஈடாக ஒரு லாபம் உண்டு. பழைய விஜிஏ சென்சாரில், அதாவது ஒளியை உணரும் சில்லில், வழக்கமான ஒரு புள்ளியின் அகலம் 5.6 மைக்ரான். இன்றைய பல 48 மெகாபிக்சல் போன் சென்சார்களில் அது 0.8 மைக்ரான். பரப்பளவில் ஒன்றுக்கு நாற்பத்தொன்பது.

மழை தூறத் தொடங்கும்போது முற்றத்தில் சின்னக் கிண்ணங்களையும் பெரிய அண்டாக்களையும் வரிசையாக வைத்தால், கிண்ணங்களில் ஒன்றில் இரண்டு துளி இருக்கும், பக்கத்திலேயே ஐந்து இருக்கும். அண்டாக்களுக்குள் அப்படிப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஒளியும் துளித்துளியாகத்தான் விழுகிறது. ஒரு புள்ளியில் சராசரி 100 ஒளித்துகள் விழுந்தால், ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலமான 10. அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் ஏற்ற இறக்கம் 100. வெறும் 1 சதவீதம். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போல் தெரியும் பொரிப்பொரியான இரைச்சலின் வேர் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பழைய சென்சார்கள் இந்தச் சாதகத்தை முழுதும் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒளி விழும் பக்கத்திலேயே கம்பித்தடங்கள் குறுக்கே ஓடியதால் வந்த ஒளியில் கணிசமான பங்கு வீணானது. மின்சுற்றின் சொந்த இரைச்சலும் அதிகம். ஆனால் கொள்கை செல்லும். அதற்கு இன்றைய போன்களே சாட்சி. 48 மெகாபிக்சல் போன், சாதாரணமாகப் பக்கத்துப் பக்கத்து நான்கு புள்ளிகளைச் சேர்த்து ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தைத்தான் தருகிறது. 200 மெகாபிக்சல் போன் பதினாறைச் சேர்த்து 12.5 தருகிறது. பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணைப் போனே நம்புவதில்லை.

லென்ஸும் ஒரு வரம்பு போடுகிறது. ஒளி அலையாகவும் நடப்பதால், எவ்வளவு நேர்த்தியான லென்ஸானாலும் ஒரு விண்மீனை முனையளவுப் புள்ளியாகக் குவிக்க முடியாது. சிறு வட்டாகத்தான் விழும். எஃப்/1.8 என்னும் அகலத் திறப்புள்ள லென்ஸில் பச்சை ஒளியின் வட்டு சுமார் 2.4 மைக்ரான். 0.8 மைக்ரான் புள்ளிகளில் அது ஒன்பது புள்ளி அளவுக்குப் பரவிக் கிடக்கும். எஃப்/2.8 லென்ஸில் சுமார் 3.8 மைக்ரான், பழைய கேமராவின் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

இன்னொரு வசதி குவியம். 3.8 மில்லிமீட்டர் குவியத்தொலைவும் எஃப்/2.8 திறப்பும் கொண்ட விஜிஏ லென்ஸை ஏறக்குறைய ஒரு மீட்டருக்குக் குவித்து ஒட்டிவிட்டால், அரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாமே ஒரு புள்ளிக்குள் கூர்மையாக விழும். மோட்டார் வேண்டாம், காத்திருக்க வேண்டாம். 48 மெகாபிக்சல் சென்சாரில் அதே கண்டிப்புடன் கணக்குப் போட்டால் இந்தத் தூரம் பதினைந்து மீட்டருக்குப் போய்விடும். அதனால்தான் அது ஒவ்வொரு முறையும் குவியம் தேடுகிறது. கை நடுக்கமும் அப்படியே. 640 புள்ளிப் படத்தில் ஒரு புள்ளி அளவு மங்கலாக்கும் நடுக்கம், 4,000 புள்ளிப் படத்தில் ஆறு புள்ளியை இழுத்துவிடும்.

கேமராவின் கண் பார்வை

இந்த விஜிஏ கேமரா பக்கவாட்டில் 50 பாகை அகலத்தைப் பார்க்கிறது என்றால், ஒரு புள்ளிக்கு ஏறத்தாழ 4.7 கலை வருகிறது; கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. நல்ல மனிதக் கண் ஒரு கலையைப் பிரித்தறியும். ஆகவே இந்தக் கேமராவின் பார்வை கண் மருத்துவரின் கணக்கில் சுமார் 6/28. கட்டாயம் கண்ணாடி எழுதிக் கொடுப்பார்.

இதையே தூரக் கணக்காக மாற்றலாம். ஒரு மீட்டரில் நிற்பவரின் முகத்துக்குக் குறுக்கே சுமார் 100 புள்ளி கிடைக்கும். மூன்று மீட்டரில் 34. பத்து மீட்டரில் 10. ஒரு மீட்டரில் இமை மயிர் வரை தெரியாவிட்டாலும் சிரிப்பு தெரியும். மூன்றில் முகபாவம் தெரியும். பத்தில் நமக்கு நன்கு தெரிந்தவரென்றால் மட்டுமே ஆள் தெரியும்.

பத்து மீட்டர் முகத்துக்கு இன்னொரு ஆபத்தும் காத்திருக்கிறது. விஜிஏ படத்தின் மூன்று நிறங்களையும் அப்படியே எழுதி வைத்தால் 9,21,600 பைட். சோனி 1997-இல் ஃபிளாப்பியில் பதிவு செய்யும் மாவிகா கேமராக்களைக் கொண்டுவந்தது. 1.44 எம்பி ஃபிளாப்பியில் அப்படி ஒரு படத்துக்குத்தான் இடம். ஆனால் பதினைந்து இருபது படங்களாவது அதில் பிடித்தன. சாத்தியமாக்கியது ஜேபெக் சுருக்க முறை. அதன் இதயம், பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவர் 1974-இல் வெளியிட்ட ஒரு கணித உருமாற்றம். அதை ஆராய நசீர் அகமது அமெரிக்க அறிவியல் நிதியத்திடம் பணம் கேட்டபோது, ‘மிக எளிமையாக இருக்கிறது’ என்ற கருத்தோடு விண்ணப்பம் தள்ளப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார்.

ஜேபெக், படத்தை 8-க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவாக மாறும் சாயலை வைத்துக்கொண்டு, பொடிப்பொடியான மாற்றங்களைக் கைவிடுகிறது. ஒரு மீட்டரில் உள்ள முகத்தின் அகலத்துக்குப் பன்னிரண்டு கட்டங்கள் கிடைப்பதால் இழப்பு தெரியாது. பத்து மீட்டர் முகமோ கிட்டத்தட்ட ஒரே கட்டம். சுருக்கம் கொஞ்சம் கடுமையானால் கண்ணும் மூக்கும் போய் ஒரு பழுப்புச் சதுரம் மிஞ்சும்.

எழுத்துகளுக்கும் இதே கதிதான். ஒவ்வொரு கோட்டுக்கும் கோடுகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு இடைவெளிக்கும் குறைந்தது ஒரு புள்ளி வேண்டும். இரண்டு சுழி ‘ன’ பிழைக்கும் இடத்தில் மூன்று சுழி ‘ண’ பிழைப்பதில்லை. பத்து மீட்டருக்கு அப்பால் நிற்கும் பேருந்தின் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து, ஊர் பெயரைப் பிறகு படித்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம்.

பொடிக் கட்டம் போட்ட புடவை இன்னொரு தொல்லை. மூன்று மீட்டரில் ஒரு புள்ளி துணியில் 4.4 மில்லிமீட்டரை மூடுகிறது. திரும்பத் திரும்ப வரும் கோடுகளைப் பிடிக்க, ஒரு முறை வருவதற்கு இரண்டு புள்ளியாவது தேவை. அதைவிட நெருக்கமான கட்டங்களைச் சென்சார் தவறாக எண்ணிவிடும். நெய்தவர் நெய்யாத அலையலையான பட்டைகள் புடவையின் மேல் தோன்றும். அசைவும் ஒரு தொல்லை. எளிய போன் கேமராக்கள் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிப்பதால், ஓடும் பேருந்தின் ஜன்னலிலிருந்து எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து நிற்கும், மின்விசிறியின் இறக்கைகள் வளையும்.

எடுக்கும் முறை

இவ்வளவையும் சேர்த்தால் கையில் எடுத்துப் போகச் சில விதிகள் கிடைக்கின்றன.

முதலாவது, ஒரு படத்தில் ஒரு பொருள். பூக்கடையை முழுதாக எடுப்பதைவிடப் பூத்தொடுக்கும் கைகளை எடுங்கள். கைகளுக்கு 300 புள்ளி கிடைக்கும். கடைக்காரம்மாவின் முகம், தராசு, கூடை எல்லாமாகச் சேர்ந்தால் எதற்கும் கிடைக்காது. டிஜிட்டல் ஜூமைத் தொடவே வேண்டாம். அது இருக்கும் புள்ளிகளை ஊதிப் பெரிதாக்குமே தவிரப் புதிதாக ஒன்றும் தராது. ஜூமுக்குப் பதில் இரண்டு எட்டு எடுத்து வைக்கலாம். அரை மீட்டருக்குள் மட்டும் போகக் கூடாது. அங்கே குவியம் கைவிட்டுவிடும்.

இரண்டாவது, வெளிச்சம். நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு இருக்கும். டியூப்லைட் மட்டும் எரியும் அறை சில நூறு லக்ஸ். ஜன்னலை ஒட்டிய இடம் பகலில் ஆயிரத்தைத் தாண்டும். ஆகவே அறை நடுவில் நிற்பவரை ஜன்னலருகே அழைப்பது, நல்ல கேமரா வாங்குவதற்குச் சமம். ஜன்னல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தால் வெளிவானம் வெள்ளையாகப் பொங்கி முகம் கறுத்துவிடும்; பக்கவாட்டில் இருந்தால் மூக்கும் கன்னமும் நிழலால் வடிவம் பெறும். குறைந்த புள்ளிகளில் தப்பிப் பிழைப்பது பெரிய நிழலும் பெரிய வடிவமும்தான்.

மூன்றாவது, பின்னணி. இந்தக் கேமராவில் அடிவானம் வரை எல்லாமே கூர்மை என்பதால், பின்னாலுள்ள கொடிக்கம்பியும் சுவரொட்டியும் முகத்தோடு போட்டி போடும். ஓரிரண்டு அடி பக்கவாட்டில் நகர்ந்து வெறும் சுவரையோ நிழலையோ பின்னால் கொண்டுவந்துவிடலாம்.

நான்காவது, பார்க்கும் அளவு. 640 புள்ளியை ஆறங்குல அகலத்தில் அச்சிட்டால் ஒரு புள்ளி 0.24 மில்லிமீட்டர். சுமார் 80 சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கும் கண்ணுக்கு அதன் புள்ளிகள் தெரியாது. அலமாரியில் நிற்க வைக்கும் படத்துக்கு அது போதும். பெரிய கேமராக்காரர்களும் நடைமுறையில் இதையே செய்கிறார்கள். 1,080 புள்ளி அகலமுள்ள போனை நிமிர்த்திப் பிடித்து, கிடைமட்டமாக எடுத்த படத்தைப் பார்த்தால், திரையில் தெரிவது 1,080-க்கு 810. ஒரு மெகாபிக்சல்கூட இல்லை. மற்றதெல்லாம் விரல்களால் விரித்துப் பார்ப்பவருக்காகக் காத்திருக்கிறது.

நீண்ட ஜூம் உள்ள கேமராவால் தெருவின் மறுமுனையில் இருப்பவரை, அவர் அறியாமலேயே முகம் நிறைய எடுத்துவிட முடியும். விஜிஏ கேமராவுக்கு அது முடியாது. ஒரு முகம் முகமாக வர வேண்டுமென்றால் ஒன்றிலிருந்து மூன்று மீட்டருக்குள் நிற்க வேண்டும். பேச்சுக் குரல் கேட்கும் தூரம் அது; ‘ஒரு படம் எடுத்துக்கலாமா?’ என்று கேட்காமல் நிற்க முடியாத தூரம். வீட்டாரையும் அண்டை அயலாரையும் சரி சொன்னவர்களையும் தவிர வேறு யாரையும் இந்தக் கேமரா சரியாக எடுக்காது. அன்றாட வாழ்வைப் படம் பிடிக்க நினைப்பவருக்கு இதைக் குறையாகச் சொல்லத் தோன்றவில்லை.